ஏழு வெற்றுக் கட்டங்கள்

1

பெப்ரவரி 10, செவ்வாய்.

இன்றைய பிழை: தரம் 10 கணிதப் புள்ளிப் பட்டியலில் ஏழு கட்டங்களில் பூச்சியம் இட்டது. இட்டவள் ஷிபானா. வரிசை எண் 86 முதல் 92 வரை. சிறிய பிழை.

[‘சிறிய’ என்ற சொல்லை வெட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. எழுதி முடித்த பிறகு திரும்பி வந்து பார்க்க வேண்டும்.]

இந்தக் கதை பிறந்தது ஒரு வேலைக்குறிப்புக் கொப்பியில். கண்டி நகரத்தில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் தரவு ஆய்வு வகுப்பில் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். நாளுக்கு மூன்று வரி: திகதி, இன்றைய பிழை, நாளைய வேலை. பிழையை எழுதும்போது செய்தவரின் பெயரையும் எழுத வேண்டும் என்பது வகுப்பை நடத்தும் மிஸ்ஸின் கட்டளை. ‘பிழை நேர்ந்துவிட்டது’ என்று எழுதினால் சிவப்புப் பேனையால் சுழித்துவிடுவார். ஆகவே நான்கு மாதங்களாக ஷிபானா தன்னைப் பற்றி ‘ஷிபானா’ என்றே எழுதி வருகிறாள். தொடக்கத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் வசதியாக இருக்கிறது. அந்த வசதியை அவள் முழுதாக நம்புவதில்லை.

இன்று இரண்டாவது வரி வரிக்குள் அடங்கவில்லை. அடுத்த பக்கத்துக்கு வழிந்து, அதற்கடுத்த பக்கத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் இது குறிப்பு இல்லை, கதை. கதை என்றால் வாசிப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது இது:

ஷிபானா ஓர் அரசாங்கப் பாடசாலையின் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறாள். நாளை புதன்கிழமை காலை எட்டரை மணிக்குத் தெல்தோட்டையிலிருந்து பாப்பம்மா என்ற பெண் அங்கே வருவார். தன் மகள் சுதர்ஷினியைச் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்வதாகவும், விடுகைப் பத்திரம் தரும்படியும் எழுதிய கடிதத்தில் கையெழுத்திடுவார். கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் ஷிபானா. அந்தக் கடிதத்துக்குக் காரணம் வரிசை எண் 89இல் உள்ள பூச்சியம். அந்தப் பூச்சியம் பொய். இந்த மாலையில் இதை அறிந்தவர்கள் இரண்டு பேர்: ஷிபானா, அவளோடு வகுப்பில் படிக்கிற அஸ்ஃபர்.

2

முதல் தொடக்கம்: ‘மலைகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு கண்டிக் காலையில்—’

வேண்டாம். பூச்சியம் இடப்பட்ட நேரத்தில் ஷிபானா மலையையும் பார்க்கவில்லை, பனியையும் பார்க்கவில்லை. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் பிற்பகல் மூன்று. பக்கத்து வகுப்பில் யாரோ மேசையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: ‘மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் சுதர்ஷினி தன் கிழிந்த கொப்பியை—’

இதுவும் வேண்டாம். சுதர்ஷினியின் வீட்டில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னது? அவளுடைய கொப்பி கிழிந்திருந்ததை யார் பார்த்தது? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்றதும் பேனை தானாகவே விளக்கை ஏற்றிக் கொப்பியைக் கிழிக்கிறது. ஷிபானா தெல்தோட்டைக்குப் போனதே இல்லை. அவளுக்குத் தெரிந்த தெல்தோட்டை, பட்டியலில் ஒரு நிறம். இளமஞ்சள்.

மூன்றாவது தொடக்கம், நடந்தபடி:

தரம் 10இல் 92 பிள்ளைகள். மூன்றாம் தவணைப் பரீட்சையின் கணிதப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றும்படி பாடசாலை அதிபர் சொன்னார். கணித ஆசிரியர் ஜனவரியில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். போகும்போது கையால் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஏழு பெயர்களுக்கு எதிரே, வரவில்லை என்பதைக் குறிக்கும் ‘ஏபி’ என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டும் சின்னதாக இருந்தன. கணினிப் படிவம் எண்ணை மட்டுமே ஏற்கும். எழுத்தைத் தட்டினால் டொக் என்று ஓர் ஒலி எழுப்பி மறுக்கும். ஷிபானா இரண்டு தடவை தட்டினாள். இரண்டு தடவையும் டொக். அந்த ஒலி பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்குமோ என்று கூசி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று 0 இட்டாள். ஏழு தடவை. பிறகு தன் ‘பிறகு பார்க்க’ தாளில் ‘ஏபி ஏழையும் திருத்துவது’ என்று எழுதினாள்.

ஷிபானா ஒழுங்கானவள். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டாள். ஆனால் அந்தத் தாள் நிறைந்ததும் புதிய தாளுக்கு மாற்றி எழுதியபோது, ஐந்து வேலைகளில் நான்கைத்தான் எழுதினாள்.

3

[இனி வருவது முதலாவதைவிடப் பெரிய பிழை. கொப்பியில் இதற்குத் தனி வரி இல்லை.]

அதிபர் கேட்டது புள்ளிகளை மட்டும்தான். பெயர், புள்ளி, சராசரி. ஆனால் அந்த வாரம் மாலை வகுப்பில் ஒரு பட்டியலை வகை பிரித்து நிறமிடுவது எப்படி என்று படித்திருந்தார்கள். ஷிபானா பிள்ளைகளின் முகவரிகள் உள்ள சேர்வு இடாப்பை எடுத்து வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே ‘ஊர்’ என்று ஒரு நிரல் சேர்த்தாள். 92 முகவரிகளையும் மூன்று பஸ் வழிகளுக்குள் அடக்கினாள். அலவத்துகொட வழி 31 பேர். குண்டசாலையும் நகரமும் 38. தெல்தோட்டை வழி 23. அகரவரிசையில் ஊர், ஊருக்குள் புள்ளி வரிசை. அதனால்தான் ஏழு பூச்சியங்களும் அடியில், ஒன்றன் கீழ் ஒன்றாகப் போய் நின்றன.

பிறகு ஊர்ச் சராசரிகளைப் பட்டைகளாகக் காட்டும் சலாகை வரைபு. குண்டசாலை 47. அலவத்துகொட 38. தெல்தோட்டை 29.

அதிபர் அம்பிகைபாகன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இந்த ஊர் நிரல் நான் கேக்கேல்லையே, பிள்ளை?”

“நானாத்தான் போட்டேன், சேர்.”

“நல்ல வேலை. வலு வடிவா செய்திருக்கிறீர். இதைப் பாத்தா வலயக் கல்விக் கந்தோரில ஆருக்கும் விளங்கும்.”

அந்த வார்த்தையை ஷிபானா அலவத்துகொட வரை பஸ்ஸில் கொண்டுபோனாள். ‘வலு வடிவா.’ அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பெயரை எழுதச் சொல்லும் கொப்பியில் மகிழ்ச்சியையும் எழுதத்தான் வேண்டும்.

அதிபரைக் கொடியவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும். ஒரு பந்தி அப்படி எழுதி, கிழித்தாயிற்று. தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடமாக இறங்குகிறது. இன்னொரு தடவை இறங்கினால் உயர்தரக் கணிதப் பிரிவை வேறு பாடசாலைக்கு மாற்றிவிடுவோம் என்று வலயத்தில் சொல்லியிருக்கிறார்கள். பிரிவு போனால் அங்கே படிக்கிற பிள்ளைகளும் போவார்கள். அதிபர் தூக்கமில்லாத முகத்தோடுதான் பாடசாலைக்கு வருகிறார். பல இடங்களில் நடப்பதுதான் அவர் செய்யப்போவதும்: பரீட்சை எழுதுகிற வருடம் தொடங்குமுன் பலவீனமான பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துக் கதைப்பது.

“நான் ஒருத்தரையும் கலைக்கேல்லை, பிள்ளை. கிட்டடியில பள்ளிக்கூடம் இருக்கெண்டு சொல்லப்போறன். விடிய அஞ்சு மணிக்கு பஸ் ஏறி வந்து, நித்திரை தூங்கி, ஒண்டும் ஏறாமல் போறதிலும் பாக்க அது நல்லமெல்லே? விருப்பம் அவையின்ர.”

“ஓம் சேர்” என்றாள் ஷிபானா. ‘ஓம்’ அவள் வீட்டுச் சொல் இல்லை. அதிபரோடு கதைக்கும்போது மட்டும் வரும்.

ஒன்பது கடிதங்கள். ஒன்பதும் தெல்தோட்டை வழி. அவற்றில் ஏழு, அந்த ஏழு.

4

பெற்றோருக்குத் தொலைபேசி எடுப்பதும் ஷிபானாவின் வேலைதான். கடந்த வியாழக்கிழமை பாப்பம்மாவுக்கு எடுத்தாள். மணிக்குப் பதிலாக ஒரு குத்துப்பாட்டு போனது. பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல்.

“யாருங்க?”

“ஸ்கூல் ஒஃபீஸ்ல இருந்து கதைக்கிறன். சுதர்ஷினிட அம்மாவா?”

“ஐயோ, புள்ளைக்கு என்னமும் ஆச்சுங்களா?”

“இல்ல இல்ல, ஒண்ணுமில்ல. வாற புதன்கிழம எட்டரைக்கு ஒருக்கா வரணும். மார்க்ஸ் விஷயம்.”

“எந்தப் பாடத்துலங்க?”

“கணக்கு.”

“கணக்கா?” சிரிப்புச் சத்தம். “அது கணக்குல கெட்டிங்க மிஸ். கொழுந்து நிறுக்கிற எடத்துல வந்து நின்னுக்கிட்டு, தராசுக்காரருக்கே கணக்குச் சொல்லிக் குடுத்து எனக்கு ஏச்சு வாங்கிக் குடுத்த புள்ளங்க. எம்புட்டு எடுத்துருக்கு?”

ஷிபானா பட்டியலைப் பார்த்தாள். வரிசை எண் 89.

“பூச்சியம்.”

மறுமுனையில் தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

“பூச்சியமா,” என்றார் பாப்பம்மா. “சரிங்க மிஸ். நீங்க பாத்துத்தான சொல்லுவீங்க. வாரேன்.”

இந்த உரையாடலில் ஷிபானா ஒரு சொல்லையும் கூட்டவில்லை. கூட்ட நினைத்த இடம் ஒன்று உண்டு. ‘நீங்க பாத்துத்தான சொல்லுவீங்க’ என்ற வரிக்குப் பிறகு, ‘ஷிபானா ஒரு கணம் தயங்கினாள்’ என்று எழுதிப் பார்த்தாள். அழகாக இருந்தது. ஆனால் அவள் தயங்கவில்லை. அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.

5

இனி சுதர்ஷினி. இவளை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கதையின் தலைவலி.

‘மெலிந்த உடல், எண்ணெய் வழிந்த—’ இல்லை.

‘கண்களில் ஒரு சோகம்—’ இல்லவே இல்லை.

நேற்றுத் திங்கட்கிழமை இடைவேளையில் அவள் கந்தோருக்கு வந்தாள். உயரமான பிள்ளை, உள்ளே வரும்போது தலையைக் குனிந்தே பழக்கம்போல, குனியத் தேவையில்லாத வாசலிலும் குனிந்தாள். கையில் பஸ் சீசன் சீட்டுக்கான படிவம். மாணவர் சீசனுக்குப் பாடசாலை முத்திரை வேண்டும்.

“மிஸ், இதுல எத்தன மாசம்னு எழுதணும்?”

“எப்பவும் எத்தன எழுதுற?”

“மூணு. ஆனா அம்மா புதன்கெழம வாராங்கள்ல. ஒரு மாசம் போட்டா மிச்சம் வீணாப் போகாது.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். “இல்லாட்டி நாள் கணக்குல சீசன் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாக்கணும்.”

ஷிபானா சிரிக்கவில்லை. முத்திரைப் பெட்டியைத் தேடுவதுபோல் இலாச்சியை இழுத்தாள்.

“மிஸ், அம்மாகிட்ட பூச்சியம்னு சொன்னீங்களாமே. நான் அன்னைக்கு வரவே இல்லையே.”

“பட்டியல்ல அப்பிடித்தான் இருக்கு.”

“அம்மாவும் அதத்தான் சொன்னிச்சு. கந்தோருல எழுதியிருக்கிறாங்க, நீ பொய் சொல்றியான்னு.” சுதர்ஷினி படிவத்தை மேசையில் வைத்தாள். “நீங்களே பாத்து மாசத்தப் போட்ருங்க மிஸ்.” மணி அடித்தது. மறுபடி தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

படிவம் இப்போதும் ஷிபானாவின் தட்டில் கிடக்கிறது. பெயர் உண்டு, வழி உண்டு, மாதங்கள் என்ற கட்டம் மட்டும் வெறுமை.

[திருத்தம், முதலாம் பகுதிக்கு: பொய்யை அறிந்தவர்கள் இரண்டு பேர் என்று அங்கே எழுதியது பிழை. சுதர்ஷினிக்குத் தெரியும். மற்ற ஆறு பிள்ளைகளுக்கும் தெரியும். பரீட்சை நாளிலிருந்தே தெரியும். அறிந்தவர்களை எண்ணியபோது ஷிபானா அவர்களை எண்ணவில்லை. அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறது, வாசிப்பவர் பார்க்கட்டும் என்று.]

6

இன்று மாலை வகுப்பில் ஒவ்வொருவரும் தம் வேலையிடத்துப் பட்டியல் ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்ட வேண்டும். ஷிபானா தன் இளமஞ்சள் பட்டியலைத் திரையில் போட்டாள். பக்கத்துக் கதிரையில் அஸ்ஃபர். கட்டுகஸ்தோட்டை மருந்துக்கடையில் வேலை. எந்த நேரமும் வாயில் ஏலக்காய்.

“இதென்ன மிஸ் ஷிபானா, ஸ்கூலா, கோழிப்பண்ணையா? கடைசியில ஏழு முட்ட வரிசையா ஈக்கு.”

“சும்மா ஈங்க அஸ்ஃபர்.”

“இல்ல, உண்மையாத்தான் கேக்குறன். நானும் கணக்குல கழுததான். எனக்கே பதினொண்டு கெடச்ச. பேர எழுதி, ஒரு முக்கோணத்தக் கீறினாலே ரெண்டு மார்க்ஸ் போட்டுடுவாங்க. ஒராள் முட்ட எடுக்கலாம். ஏழு பேர் சேர்ந்து முட்ட எடுக்கணுமெண்டா, அதுக்கு பிரக்டிஸ் பண்ணணுமே!”

பின்வரிசையில் சிரித்தார்கள். ஷிபானாவும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது.

வீட்டில் தட்டுவதற்காக ஆசிரியரின் தாளை அவள் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். எடுத்துப் பெரிதாக்கினாள். சின்ன எழுத்தில் ஏபி. கீழே ஏபி. ஏழு தடவை. விரல் திரையில் வழுக்கியது.

“எனத்த முகம் இப்பிடிப் போச்சி?” என்றான் அஸ்ஃபர். ஏலக்காயை மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

“அவங்க வரல்ல. பரீட்சைக்கே வரல்ல.”

ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கணிதப் பரீட்சையன்று விடிய மண் சரிந்து தெல்தோட்டை வழியில் கலஹாப் பக்கம் வீதி அடைபட்டிருந்தது. அதற்கு முன்னே முதல் பஸ்ஸில் அந்த இடத்தைக் கடந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது பஸ்ஸில் ஏறிய ஏழு பேர் பதினொரு மணிவரை மழையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். இதைப் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதியவள் யார்? ஷிபானா. நீல மையில், அவளுடைய வட்டக் கையெழுத்தில், அன்றைய திகதிக்குக் கீழே. அதே கைதான் ஆறு வாரம் கழித்துப் பூச்சியமும் இட்டது.

“அப்ப அழிச்சிட்டு வெறுமையா விடுங்க,” என்றான் அஸ்ஃபர். “வேலை முடிஞ்ச. எனத்துக்குப் பயப்படுறீங்க?”

“நாளைக்கு ஒரு தாய் வாறாங்க, கையெழுத்துப் போட.”

அஸ்ஃபர் குனிந்து அந்தப் படத்தில் இருந்த ஏழு ஏபிகளையும் எண்ணினான்.

7

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஷிபானா கணக்குப் பார்த்தாள். ஒரு பிழையைக் கண்டால் அதைத் திருத்தியதும் என்ன மாறுகிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

29 சராசரி, 23 பேர். கூட்டுத்தொகை 667. ஏழு பேரை எடுத்தால் 16 பேர். 667ஐ 16ஆல் பிரித்தால் 41.7.

பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் நின்றது. மறுபடி செய்தாள். 41.7. மூன்றாம் தடவையும் 41.7.

[இந்த இடத்தில் ‘அவள் மனம் லேசானது’ என்று ஒரு வரி இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு உண்மையாகவும் இருந்தது.]

தெல்தோட்டை கடைசி இல்லை. தெல்தோட்டை நடுவில். அப்படியானால் கடைசி யார்? 47, 41.7, 38.

அலவத்துகொட.

அவள் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர். அவள் பிறந்த ஊர். அந்த 31 பேரில் வரிசை எண் 27, பஸ்லினா, கணிதம் 21 புள்ளி. பஸ்லினா ஷிபானாவின் அக்காவுடைய மகள்; அக்காவை அவள் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒரே வீடு, ஒரே குளியலறை, காலையில் யார் முதலில் என்று ஒரே சண்டை.

தெல்தோட்டையை நடுவுக்கு ஏற்றினால் அலவத்துகொட அடிக்கு இறங்கும். அதிபருடைய விரல் அந்தத் தாளில் எங்கே போய் நிற்கும் என்று ஷிபானாவுக்குத் தெரியும். விரல் நிற்பதற்கென்றே ஒரு நிரலைப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

8

வீட்டில் ராத்தா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

“கையக் கழுவிட்டு வா. ஏய், ஸ்கூல்ல பேர் எடுத்து புள்ளைகள அனுப்புறாங்களாமே? பஸ்ல ஆக்கள் செல்றாங்க.”

“அனுப்புறல்ல ராத்தா. கதைக்கக் கூப்பிடுற.”

“எதோ ஒண்டு. எங்கட புள்ளேட பேர் அதுல ஈக்கா?”

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ். நீ அங்க ஈக்கிறது நல்லதாப் போச்சி.” ராத்தா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “முகத்த ஏன் அப்பிடி வெச்சீக்கிறாய்? அதிபர் ஏசினாரா?”

“இல்ல. வடிவா செஞ்சீக்கிறாய் எண்டு சொன்னார்.”

உள்ளறையிலிருந்து பஸ்லினாவின் குரல்: “சாச்சி, மிஸ்டேக் கொப்பி எழுதி முடிஞ்சா என்ட கணக்கையும் ஒருக்கா பாருங்க. ஒங்கட கொப்பிக்கு ரெண்டு மாசத்துக்குத் தேவையான மிஸ்டேக் இதுல ஈக்கு!”

ராத்தா சிரித்தார். ஷிபானா ரொட்டியைப் பிய்த்தாள். அவள் சொன்ன ‘இல்ல’ இன்றைக்கு உண்மை. நாளை எட்டு மணிக்கு மேல் உண்மையாக இருக்குமா என்பது அவள் கையில்.

சாப்பிட்டபின் முற்றத்துக்கு இறங்கிப் பாப்பம்மாவின் இலக்கத்தை அழுத்தினாள். குத்துப்பாட்டு வரவில்லை. தொலைபேசி அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். பத்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை. அதே பெண்.

9

இனி முடிவு எழுத வேண்டும். நான்கு எழுதிப் பார்த்தாயிற்று.

ஒரு முடிவில் ஷிபானா காலையில் முதல் ஆளாகப் போய், ஏழு பூச்சியங்களையும் ஓசைப்படாமல் அழித்துப் புதிய தாளை அதிபரின் மேசையில் வைத்துவிடுகிறாள். யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. இதில் சிக்கல் என்னவென்றால், அதிபர் பழைய தாளை ஏற்கெனவே பார்த்துவிட்டார். கடிதங்கள் கோப்பில் இருக்கின்றன. புதிய தாள் மேசையில் கிடக்க, பாப்பம்மா பழைய தாளின்படி கையெழுத்துப் போடுவார்.

இன்னொன்றில் அதிபர் எழுந்து நின்று ஒன்பது கடிதங்களையும் கிழித்துப் போட்டு, “பிள்ளையளை ஊர் பாத்துப் பிரிச்சது என்ர பிழை” என்கிறார். எழுதும்போது ஷிபானாவுக்குக் கண் கலங்கியது. மறுபடி வாசித்தபோது, அது பரிசளிப்பு விழாவில் மாணவர் போடும் நாடகத்தின் கடைசிக் காட்சிபோல் இருந்தது. அம்பிகைபாகன் சேர் அப்படிக் கதைக்கிற ஆள் இல்லை. காகிதத்தைக் கிழிக்கிற ஆளும் இல்லை, மறுபக்கத்தில் எழுதுவார்.

மூன்றாவது மிகச் சிறியது. அதிபர் புதிய தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகிறார். “அப்ப தெல்தோட்டை இல்லை. சரி பிள்ளை. அலவத்துகொடைக்குக் கடிதம் அடியும்.” இதை எழுதிவிட்டு ஷிபானா பேனையை மூடி வைத்தாள். நான்கிலும் அவள் நம்புவது இதைத்தான்.

நான்காவது முடிவு அதற்குப் பிறகு வந்தது, நல்ல யோசனை மாதிரி: ஊர் நிரலையே நீக்கிவிடுவது. யாரும் கேட்காத நிரல். அதை எடுத்துவிட்டால் 92 பிள்ளைகள், 92 பெயர்கள், அவ்வளவுதான். கடைசி ஊர் என்று ஒன்று இருக்காது. நியாயமான முடிவு. மாலை வகுப்பில் சொன்னால் மிஸ்ஸும் தலையாட்டுவார்.

ஆனால் ஷிபானா தன்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். கடைசி வரி தெல்தோட்டையாக இருந்த எட்டு நாளில் அந்த நிரலை நீக்கும் யோசனை அவளுக்கு ஒரு தடவையாவது வந்ததா?

வரவில்லை. அலவத்துகொட என்று வந்ததும், ஓர் இரவு முடியுமுன்னே வந்துவிட்டது.

அந்த நிரல் இருக்கவே கூடாது என்பது சரிதான். அதை நாளைக் காலையில், இந்தக் காரணத்துக்காக, யாருக்கும் சொல்லாமல் அவள் நீக்குவது சரியில்லை. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருப்பதை ஒரு கட்டத்துக்குள் எழுதத் தெரியவில்லை. தெரிந்தவர் எழுதலாம்.

10

முதலாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாயிற்று. ‘சிறிய பிழை’ என்ற இடத்தில் ‘சிறிய’ வெட்டப்பட்டது. கோடு நேராக வரவில்லை. வாசிப்பவருக்கு அது தெரிவதற்காக அங்கே சொல்லை அப்படியே விட்டு, இங்கே சொல்லப்படுகிறது.

இந்தக் கதைக்கு முடிவு இல்லை. கதையின் முடிவு நாளைக் காலை ஏழரை மணிக்கு ஓர் அறையில் இருக்கிறது; அதை இந்த இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினால், பார்க்காத இடத்தில் ஷிபானா மறுபடியும் ஓர் எண்ணை இட்டதாகிவிடும். ஒரு மாதத்தில் எட்டாவது தடவையாக. அதிபர் என்ன சொல்வார், பாப்பம்மா பேனையைக் கையில் எடுப்பாரா மாட்டாரா, ராத்தா இனி எத்தனை நாள் கதைக்காமல் இருப்பார் என்ற மூன்று கட்டங்களும் வெறுமையாகவே விடப்படுகின்றன. நிரப்ப விரும்புகிறவர் நிரப்பிக்கொள்ளலாம், தன் பெயரையும் பக்கத்தில் எழுதிவிட்டு.

பயமாக இருக்கிறது. இதை ‘ஷிபானா பயந்தாள்’ என்று மாற்றி எழுத வேண்டும். இன்று வேண்டாம்.

நாளைய வேலை:

காலை 5.15. பாப்பம்மா பஸ் ஏறுமுன் மறுபடி தொலைபேசி எடுப்பது. பூச்சியம் இல்லை, உங்கள் மகள் சொன்னதுதான் சரி, பிழை கந்தோரில் இருந்த ஷிபானாவுடையது என்று சொல்வது. கிடைக்காவிட்டால் எட்டு மணிக்கு வாசலில் நிற்பது. மற்ற ஆறு வீடுகளுக்கும் அதே செய்தி.

6.10 பஸ்.

7.30. அதிபரிடம் திருத்திய பட்டியல், ஏழு கட்டங்களும் வெறுமையாக, சம்பவத் திரட்டின் அந்தப் பக்கத்தோடு. ஊர் நிரல் அப்படியே இருக்கும். அதை யாரும் கேட்காமல் சேர்த்தது ஷிபானா என்றும், கடைசியில் நிற்கும் ஊர் அவளுடையது என்றும், அதில் வரிசை எண் 27 அவளுடைய ராத்தாவின் மகள் என்றும் அடியில் எழுதிக் கையெழுத்து வைப்பது. பிறகு அந்த நிரலை நீக்கும்படி அவருக்கு முன்னாலேயே, வாயால் கேட்பது.

வேலைக்குப் போகுமுன் ராத்தாவிடம் சொல்வது.

இடைவேளை. சுதர்ஷினியின் சீசன் படிவத்துக்கு முத்திரை. மாதங்கள் என்ற கட்டத்தை அவளைக் கேட்டு நிரப்புவது.